கூலன்ட் சென்சார் மாற்றப் போகிறவர்களுக்கு

பழைய கார் வாங்கிய பிள்ளைகள் பலர் இப்போது தாங்களே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். சந்தோஷம். நான் கார்பரேட்டர் காலத்தில் பட்டறைக்குப் போனவன். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகி எம்.பி.எஃப்.ஐ. என்கிற பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தபோது மறுபடி அரிச்சுவடியிலிருந்து பழகியவன். அந்தத் தலைமுறை பெட்ரோல் வண்டிகள், அதாவது மாருதி 800, ஜென், ஆல்டோ, வேகன்-ஆர், சான்ட்ரோ வகையறா, இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் வீட்டு வாசலில் வைத்தே மாற்றக்கூடியது, தேவையில்லாமல் அடிக்கடி மாற்றப்படுவது, எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் கூலன்ட் சென்சார். அந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். மற்றவை கடைசியில் சுருக்கமாக.

1. கை வைக்கும் முன் அது என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பித்தளை உடம்பு, பின்னால் பிளாஸ்டிக் கழுத்து, இரண்டு பின். உள்ளே ஒரு சின்ன மணி. சூடு ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். இந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் 20 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை கிலோ ஓம் காட்டும். 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு வந்துவிடும். எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியு ஒரு 5 வோல்ட்டை அனுப்பி, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து சூட்டைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் அடிப்பது, ஐடிலிங் எவ்வளவு, ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுக்கிறது. அந்தக் காலத்தில் காலையில் நாம் கையால் சோக் இழுத்தோமே, அந்த வேலையை இப்போது இந்தச் சென்சார் சொல்லி ஈசியு செய்கிறது. இது தெரிந்தால் கோளாறு பாதி புரிந்த மாதிரி.

2. அறிகுறிகளை வரிசையாக எழுதி வையுங்கள். சென்சாரோ வயரோ அறுந்துபோனால் ஈசியு-வுக்கு எஞ்சின் மைனஸ் 40 டிகிரியில் உறைந்து கிடப்பதாகத் தெரியும். சில வண்டிகளில் ஈசியு சுதாரித்துக்கொண்டு ஓர் உத்தேச எண்ணை வைத்து ஓட்டும். சுதாரிக்காதவை பெட்ரோலைக் கொட்டும்: கறுப்புப் புகை, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாசம், கரி பிடித்த பிளக், மைலேஜ் அடி. ஃபேனை ஈசியு ஓட்டும் வண்டிகளில் சாவி போட்டதுமே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். இந்த ஒரு அறிகுறி இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

எதிர்ப்பக்கக் கோளாறுதான் நம் ஊரில் ஒளிந்துகொள்ளும். சென்சார் எப்போதும் சூடாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தால் குளிர் நேரத்தில் கூடுதல் பெட்ரோல் கிடைக்காது. மதுரையில் விடிகாலையிலும் இருபதுக்குக் குறையாத நாட்கள்தான் அதிகம். வண்டி எப்படியோ கிளம்பிவிடும், நமக்கும் தெரியாது. அதே வண்டியை டிசம்பரில் கொடைக்கானலுக்கு ஓட்டிப்போய் ராத்திரி நிறுத்துங்கள். காலையில் செல்ஃப் அடித்தே பேட்டரி தீரும்.

3. செக் எஞ்சின் லைட் எரியும்போது ஈசியு பதிந்து வைக்கும் பிழைக் கோடு சொல்வது சர்க்யூட்டின் பெயரை. பி0118 என்று வந்தால் அந்தச் சர்க்யூட்டில் வோல்ட் அதிகம் என்று அர்த்தம்: எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. அது சென்சாருக்குள்ளேயும் இருக்கலாம், கப்ளரிலும் இருக்கலாம், நடுவே எலி கடித்த இடத்திலும் இருக்கலாம். பி0117 என்றால் வோல்ட் குறைவு: எங்கோ ஷார்ட். இரண்டிலும் "சென்சாரை மாற்று" என்று எழுதியிருக்கவில்லை. கோடு பார்த்ததும் சென்சாரைக் கழற்றுவது, புகார் கொடுக்க வந்தவரையே லாக்கப்பில் உட்கார வைப்பது மாதிரி.

4. கோடு படிக்கும் கருவி வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் வயதைப் பாருங்கள். நம் நாட்டில் ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து சொல்லும் ஏற்பாடு, கட்டாயமானது 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4 நகரங்களுக்கு வந்தபோது. அதன் இரண்டாம் கட்டம் 2013-ல். அதற்கு முந்தைய வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தாலும் மலிவான புளூடூத் கருவியோடு அது பேசும் என்று உத்தரவாதம் இல்லை. பேசாவிட்டால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பழைய சுசுகி ரக வண்டிகள் சிலவற்றில் டயக்னோசிஸ் கப்ளரில் இரண்டு பின்னைச் சேர்த்தால் செக் எஞ்சின் லைட்டே கண் சிமிட்டிக் கோடு சொல்லும்: ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12, பிழை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். எந்தப் பின் எது என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

5. கருவி பேசும் வண்டி என்றால் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் லைவ் டேட்டாவில் பாருங்கள். இரண்டும் வெளிச் சூட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். காற்று 28, கூலன்ட் 61 என்று காட்டினால் கூலன்ட் சர்க்யூட் பொய் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். குளிரில் அது சரியாகத்தான் இருக்கிறது, சூட்டிலும் பார்த்துவிட்டுப் பேசலாம்.

6. அடுத்தது கப்ளர். முதலில் சாவி ஆஃப். பூட்டு நாக்கை அழுத்தி, வயரை இழுக்காமல் கப்ளர் உடம்பைப் பிடித்து எடுங்கள். இத்தனை வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக். அப்பளம்போல உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா? ஒரு பின் மட்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் குட்டையாகத் தெரிகிறதா? கூலன்ட் கசிந்து உள்ளே புகுந்திருக்கிறதா? கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, மாட்டி ஓட்டிப் பாருங்கள். பல "சென்சார் கம்ப்ளெயின்ட்" இந்த இடத்திலேயே முடிந்துவிடும். உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை.

7. முடியாவிட்டால் மீட்டரை எடுங்கள். கப்ளர் கழன்ற நிலையில் சாவியை ஆன் செய்து கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி வந்தால் ஈசியு-விலிருந்து வரும் வயரும் எர்த்தும் உயிரோடு இருக்கின்றன. வரவில்லையென்றால் புதுச் சென்சார் போட்டும் பிரயோஜனமில்லை, வயரைத் தேடுங்கள். லைவ் டேட்டா வரும் வண்டியில் இன்னொரு படி போகலாம்: கப்ளர் கழன்றிருக்கும்போது மைனஸ் 40 காட்ட வேண்டும், இரண்டு பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்தால் சூடு நூற்றுச் சொச்சத்துக்கு எகிற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியு-வும் நிரபராதி, சென்சார்தான் ஆள்.

இந்தச் சேர்க்கும் வித்தை இரண்டு கம்பிச் சூட்டுச் சென்சாருக்கு மட்டும். மூன்று கம்பி உள்ளதில் எது எது என்று தெரியாமல் சேர்த்தால் 5 வோல்ட் சப்ளையையே எர்த்தில் இடித்துவிடுவீர்கள். வயரின் மேல்தோலில் குண்டூசி குத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். குத்திய ஓட்டைக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, அடுத்த வருஷம் அதே இடத்தில் செம்பு பூத்து அறுந்து நிற்கும். யார் குத்தினார் என்று அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

8. தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். நான் சொல்வதில் இதுதான் முக்கியமானது. கொஞ்சம் நின்று படியுங்கள். நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு: வண்டி ஒருதரம் சூடேறிவிட்டால், "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூடிவிடுவார்கள். வண்டியை விற்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. தெர்மோஸ்டாட்டின் வேலை, தண்ணீர் 82 அல்லது 88 டிகிரி வரும்வரை (எண் அதன் மேலேயே பொறித்திருக்கும்) ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைப்பது. அது இல்லாத வண்டி பைபாஸ் ரோட்டில் எண்பதில் போகும்போது காற்றடித்து எஞ்சின் அறுபதுக்கோ எழுபதுக்கோ இறங்கிவிடும். சென்சார் உள்ளதை உள்ளபடி அறுபது என்று சொல்லும். ஈசியு இன்னும் சூடாகவில்லை என்று பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஓனர் மைலேஜ் இல்லை என்று புலம்புவார். யாரோ ஒருவர் சென்சார் மாற்றுவார். மைலேஜ் அப்படியேதான் இருக்கும். இன்னொருவர் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றுவார். பி0128 என்ற கோடு தெரிந்த வண்டிகளில் அது இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. முதல் சில நிமிஷங்கள் அது குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால் உள்ளே ஆள் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் அதைப் போடுங்கள்.

9. ஹவுசிங்கில் இரண்டு சென்சார் இருக்கலாம். ஒற்றை வயர் உள்ளது டாஷ்போர்டு முள்ளுக்கு. இரண்டு வயர் உள்ளது ஈசியு-வுக்கு. முள் ஆடவில்லை என்பதற்காக இரண்டு வயர் சென்சாரை மாற்றுவதும், காலையில் ஸ்டார்டிங் டிரபிள் என்பதற்காக ஒற்றை வயரை மாற்றுவதும் நடக்கிறது. சில வண்டிகளில் இரண்டையும் ஒன்றாக்கி மூன்று பின்னோடு கொடுத்திருப்பார்கள்.

10. கடைக்குப் போகும்போது சேசிஸ் நம்பரும் பழைய சென்சாரின் போட்டோவும் கையில் இருக்கட்டும். "ஆல்டோவுக்கு ஒரு சென்சார்" என்று கேட்காதீர்கள். ஒரே பெயரில் வருஷத்துக்கு வருஷம் கப்ளர் மாறும், மரை மாறும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரில் நம்பர் சொல்லி வரவழைக்கலாம். சில நூறு ரூபாய் சமாச்சாரம்; இதில் டூப்ளிகேட் வாங்கி மிச்சம் பிடிக்க வேண்டாம். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் சென்சார் வாங்குவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் கப்ளர் உடைந்திருந்தால் அங்கேதான் போக வேண்டும்: ஒரு சாண் வயரோடு வெட்டியெடுத்த கப்ளர் கிடைக்கும். வாங்கி, வயர்களை ஒரே இடத்தில் வெட்டாமல் ஒன்று முன்னே ஒன்று பின்னே வெட்டி, ஈயம் வைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டு இணையுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது எஞ்சின் சூட்டில் பசை உருகும்வரைதான்.

11. மாட்டும் முன் புதுச் சென்சாரையும் சோதியுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர், சமையலறைத் தெர்மாமீட்டர், மீட்டர், இவ்வளவுதான். சென்சாரின் பித்தளை நுனி மட்டும் மூழ்கும்படி, பின் நனையாமல் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, மீட்டரின் வயர்களைப் பின்னில் மாட்டுங்கள். அறைச் சூட்டில், முப்பது டிகிரி என்று வையுங்கள், ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே கிலோ ஓம் காட்டும். கொதித்த தண்ணீரை ஊற்றினால் எண் சரசரவென்று இறங்கும். பிறகு தண்ணீர் ஆற ஆற, எண்பதில் எவ்வளவு, அறுபதில் எவ்வளவு, ஐம்பதில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மேனுவலில் உங்கள் வண்டிக்கான அட்டவணை இருக்கும், ஒப்பிடலாம். கழற்றிய பிறகு பழையதையும் இதே டம்ளரில் போடுங்கள். நல்ல சென்சாரில் எண் ஒரே சீராக ஏறும். கெட்டதில் நடுவில் ஒரு இடத்தில் தாவும், அல்லது நின்றுவிடும். அந்தத் தாவலைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தச் சென்சாரைப் பற்றி வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

12. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும். அது பார் கணக்கில் அழுத்தம். 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட நூறில் கொதிக்காது, 118 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், உள்ளே இருக்கும் தண்ணீர் அந்த நொடியிலேயே கொதித்து முகத்தில் அடிக்கும். மேலே பனியன் வேஸ்ட் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் செய்யுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

13. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். சில வண்டிகளில் சாவி ஆஃப் ஆன பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும். விரல் அங்கே இருக்கும்போது அது நடக்கக் கூடாது. கோடுள்ள ஸ்டீரியோ என்றால் கோடு கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பேட்டரி மறுபடி மாட்டியதும் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், பழகிக்கொள்ளும்.

14. முழுத் தண்ணீரையும் இறக்க வேண்டியதில்லை. சென்சார் பெரும்பாலும் மேலே, தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கத்தில் இருப்பதால் அந்த மட்டத்துக்குக் கீழே வரும் அளவு, ஒரு லிட்டரோ ஒன்றரையோ, இறக்கினால் போதும். சுத்தமான பேசினில் பிடித்து மூடி வையுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். தெருநாய் நக்கினால் அதன் சிறுநீரகம் போய்விடும். வாசலில் சிந்தியதையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

15. கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். பல வண்டிகளில் 19-ம் நம்பர். ரிங் ஸ்பேனரோ ஆழமான சாக்கெட்டோ போடுங்கள். கட்டிங் பிளையரும் பைப் ரெஞ்சும் பித்தளையின் மூலையை வழித்துவிடும். வருஷக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உப்பு ஏறி, பித்தளையும் அலுமினியமும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். காலையில் ஒரேயடியாக இழுக்காமல், கால் பங்கு தளர்த்தி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். நெறுநெறு என்று சத்தம் வந்தால் நிறுத்தி மறுபடி எண்ணெய். சென்சார் பாதியில் முறிந்து மரை உள்ளேயே மாட்டிக்கொண்டால் துளைபோடும் ஆசை வேண்டாம். ஹவுசிங்கைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சில வண்டிகளில் ஹவுசிங்கே பிளாஸ்டிக். அதில் சென்சார் மரையில்லாமல் கிளிப்பில் நிற்கும், ஓ-ரிங்கை மட்டும் புதிதாகப் போட வேண்டும்.

16. மாட்டும்போது முதல் இரண்டு மூன்று சுற்று வெறும் விரலால். விரலால் ஏறாத மரையை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். குறுக்கே ஏறிவிட்டால் அலுமினிய ஹவுசிங் போச்சு. வாஷர் உள்ள சென்சாருக்குப் புது வாஷர். இறுக்கம் பெரும்பாலான வண்டிகளில் 15 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்து இறுக்குங்கள். மணிக்கட்டு பலம் போதும், தோள் வேண்டாம். டெஃப்லான் டேப் சுற்றுகிற வழக்கம் ஒன்று உண்டு. முள்ளுக்கான ஒற்றை வயர் சென்சார் எர்த் எடுப்பதே அந்த மரை வழியாக. டேப் சுற்றினால் எர்த் அடைபட்டு முள் தப்பாகக் காட்டும், சில சமயம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

17. தண்ணீர் ஊற்றுவது சடங்கல்ல. ரெடிமிக்ஸ் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றுங்கள், தண்ணீர் சேர்க்காதீர்கள். கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர், லாரித் தண்ணீர் எதுவும் கூடாது. ஊற்றியதும் மேலே ஒரு காற்றுக் குமிழி தங்கிக்கொள்ளும். சென்சார் இருப்பதும் அந்த உயரத்தில்தான். அதன் நுனி தண்ணீரில் நனையாமல் காற்றிலோ ஆவியிலோ நின்றால் புதுச் சென்சாரும் கண்டபடி சொல்லும். உடனே "டூப்ளிகேட் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வந்து வந்து மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்று, மட்டம் பொங்கி ஏறத் தொடங்கும் முன் மூடிவிட வேண்டும். ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். மறுநாள் காலை குளிர்ந்தபின் மட்டம் பார்த்து ரிசர்வாயரில் நிரப்புங்கள். இதையெல்லாம் ஷட்டர் இறக்கிய கராஜில் செய்யாதீர்கள்; சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது.

18. சரியாகிவிட்டதா என்பதை லைட் அணைந்ததை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பேட்டரி கழற்றினாலே லைட் அணையும். லைவ் டேட்டாவில் சூடு வெளிச் சூட்டிலிருந்து தடங்கலில்லாமல் ஏறி, எண்பதுக்கு மேல் தெர்மோஸ்டாட் திறக்கும் இடத்தில் ஒரு சின்னத் தயக்கம் காட்டி, பிறகு ஃபேன் ஓடும்போது சில டிகிரி இறங்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் ஃபேன் எப்போது ஓடுகிறது என்பதையும், நாலைந்து நாள் காலை ஸ்டார்ட்டையும், பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். கரிப்பிளக் காபித்தூள் நிறத்துக்குத் திரும்பினால் கலவை சரியாகிவிட்டது.

19. முள் உண்மையிலேயே ஏறினால், தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தால், வெள்ளைப் புகை வந்தால், ஆயில் மூடியைத் திறக்கையில் உள்ளே பாலாடைபோல் படிந்திருந்தால், சென்சார் பக்கமே போகாதீர்கள். அது நிஜத்தைத்தான் சொல்கிறது. ஹெட் கேஸ்கட்டை யோசியுங்கள், வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

20. மற்ற சென்சார்கள், சுருக்கமாக. ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் 22-ம் நம்பர். வயர் போக வழிவிட்ட சாக்கெட் வேண்டும். லேசான சூட்டில் கழலும், ஆறிப்போனால் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். நுனியில் எண்ணெய்க் கை படக் கூடாது, எஞ்சினில் கண்ட சிலிகான் பேஸ்ட் போட்டால் அதன் ஆவியிலேயே இது செத்துப்போகும். வேலை செய்யும் சென்சாரில் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். கிராங்க் சென்சார் கெட்டால் வண்டி சூட்டில் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். காந்த வகை என்றால் கழற்றும்போது நுனியில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துடையுங்கள். மேப் சென்சாரைக் குறை சொல்லும் முன் அதற்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். நாக் சென்சாரை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்காவிட்டால் அது கேட்பதே மாறிவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொட வேண்டாம்.

21. ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும் மாற்றுங்கள். சென்சார், பிளக், ஏர் ஃபில்டர் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று உங்களுக்குத் தெரியாது. சரியாகாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

22. உங்களால் முடியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் "அண்ணே, சென்சார் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். சொன்னால் மாற்றிவிடுவார், காசும் வாங்கிக்கொள்வார், கோளாறு உங்களோடு வீட்டுக்குத் திரும்பி வரும். "காலையில முப்பது டிகிரியில ஒன்றே முக்கால் கிலோ ஓம் காட்டுது, கப்ளர்ல அஞ்சு வோல்ட் வருது, மேல் ஹோஸ் ஸ்டார்ட் பண்ணதும் சூடாகுது, மைலேஜ் இவ்வளவு குறைஞ்சிருக்கு" என்று எழுதிய தாளை நீட்டுங்கள். விஷயம் தெரிந்தவர் அதைப் படித்துவிட்டு நேரே தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றுவார். படிக்காமலேயே புதுச் சென்சாருக்கு ஆள் அனுப்புகிறவர் என்றால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறையைப் பாருங்கள்.